உத்தரவுக்குக் காத்திருந்த கப்பல்

போர்க்கப்பலின் வரலாறு என்றால் அதில் சண்டைகள் இருக்கும், வெற்றி தோல்விகள் இருக்கும், தளபதிகளின் பெயர்கள் இருக்கும். நார்வே கடற்படையின் 'உல்லர்' என்ற பீரங்கிப் படகின் வரலாற்றில் 64 ஆண்டுகளுக்கு இவை எதுவும் இல்லை. 1876-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தச் சிறிய கப்பல் 1940 ஏப்ரல் வரை எதிரி என்று ஒருவரையும் சந்தித்ததில்லை. பிறகு எல்லாம் மூன்றே வாரங்களில் நடந்து முடிந்தது. ஜெர்மானியர்கள் கையில் சிக்கியது. அவர்களுடைய கொடியுடன் சொந்தக் கடலில் திரிந்தது. கடைசியில் சொந்த நாட்டு விமானங்கள் போட்ட குண்டுகளால் அழிந்தது.

ஒரு கப்பலின் துரதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் பணம் குறைவாகவும் கடற்கரை நீளமாகவும் உள்ள ஒரு நாடு தன்னைக் காத்துக்கொள்ள எப்படித் திட்டமிடுகிறது, அந்தத் திட்டம் எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதற்கு உல்லரின் கதையைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. சறுக்கிய இடம் பலரும் நினைப்பது போல கப்பலின் வயது அல்ல.

உல்லர் பிறந்த காலத்தில் நார்வேயின் மக்கள்தொகை சுமார் 18 லட்சம்தான். கடற்கரையோ நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,500 கி.மீ. மலைகளுக்கிடையே நிலத்துக்குள் புகுந்து செல்லும் ஃபியோர்டு என்ற கடல் கால்வாய்களையும் தீவுகளையும் சேர்த்தால் பல மடங்கு. வணிகக் கப்பல்களைப் பொறுத்தவரை நார்வே அப்போது உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. ஆனால் அரசு கஜானாவில் பெரிய போர்க்கப்பல்களுக்குப் பணம் கிடையாது. அரசியல் நிலையும் விசித்திரமானது. 1814 முதல் நார்வேயும் ஸ்வீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. நார்வேக்குத் தனி அரசியல் சட்டம், தனி நாடாளுமன்றம், தனிக் கடற்படை இருந்தன. வெளியுறவு விவகாரம் மட்டும் ஸ்டாக்ஹோமின் கையில்.

அந்தக் கடற்படைக்கு ஒரு பழைய காயமும் இருந்தது. 1807-ல் நெப்போலியன் போர்களின்போது, டென்மார்க்-நார்வே கூட்டு அரசின் கப்பற்படை பிரெஞ்சுக்காரர்களிடம் போய்விடும் என்று பயந்த பிரிட்டன், கோபன்ஹேகன் நகரத்தின் மீது குண்டுமழை பொழிந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பற்படையை முழுசாகக் கவர்ந்து சென்றது. பெரிய கப்பல்களை இழந்த அந்த அரசு துடுப்பு போட்டுச் செல்லும் சிறிய படகுகளில் பீரங்கிகளை ஏற்றி, 1814 வரை பிரிட்டிஷ் கப்பல்களைத் தொல்லைப்படுத்தியது. காற்று இல்லாத நாட்களில் பாய்மரக் கப்பல் அசைய முடியாமல் நிற்கும்போது, படகுகள் பின்புறமாக வந்து சுட்டுவிட்டுத் தப்பிவிடும். சரித்திர ஆசிரியர்கள் இதற்குப் 'பீரங்கிப் படகுப் போர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய கப்பல் இல்லாதவனுக்குச் சிறிய படகும் பெரிய பீரங்கியும் போதும் என்ற பாடம் நார்வே மாலுமிகளின் மனதில் அப்போதே பதிந்துவிட்டது.

அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பாடத்துக்கு நீராவி யுகத்தின் வடிவம் கொடுத்தவர் ஜார்ஜ் ரெண்டல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். நியூகாசிலில் இருந்த ஆம்ஸ்ட்ராங் ஆயுதக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய கணக்கு எளிமையானது. கப்பல் பெரிதாக இருப்பதே பல பீரங்கிகளையும் அவற்றைக் காக்கும் இரும்புக் கவசத்தையும் சுமக்கத்தான். ஒரே ஒரு பீரங்கியை மட்டும் ஏற்றி, கவசத்தை விட்டுவிட்டால்? எதிரியின் கண்ணுக்கு எளிதில் படாத அளவுக்கு உருவத்தைச் சின்னதாக்கினால்? 1867-ல் பிரிட்டிஷ் கடற்படைக்காக அவர் வடிவமைத்த 'ஸ்டாஞ்ச்' என்ற கப்பலின் நீளம் சுமார் 75 அடி. அதில் இருந்தது 12 டன் எடையுள்ள 9 அங்குலப் பீரங்கி ஒன்று.

இந்தப் பீரங்கியை இடமும் வலமும் திருப்ப முடியாது. அது முன்பக்கம் பார்த்தபடியே நிற்கும். குறி பார்க்க வேண்டுமென்றால் கப்பலையே திருப்ப வேண்டும். அதற்காக இரண்டு புரொப்பெல்லர்கள். ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுற்றினால் கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பும். சுருக்கமாகச் சொன்னால் மிதக்கும் பீரங்கி வண்டி. உருவம் சலவைப் பெட்டி போல் தட்டையாக இருந்ததால் பிரிட்டிஷ் மாலுமிகள் அதற்கு 'இஸ்திரிப் பெட்டி' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். ஆழ்கடலுக்கு லாயக்கில்லை, அலை அடித்தால் தள்ளாடும். ஆனால் துறைமுக வாயிலிலும் ஆழமில்லாத கடற்கழியிலும் ஒளிந்து நின்று, உள்ளே வரும் பெரிய கப்பலைச் சுட ஏற்றது.

விலை மலிவு என்பதால் இந்த வடிவம் பல நாடுகளுக்குப் பிடித்துப்போனது. பிரிட்டனே 20-க்கும் மேற்பட்டவற்றைக் கட்டியது. சீனாவின் சுங்கத் துறைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஹார்ட் என்ற பிரிட்டிஷ்காரர், சீனப் பேரரசுக்காக இதே வகைக் கப்பல்களை ஆம்ஸ்ட்ராங் கம்பெனியில் வாங்கினார். அவை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்து வரிசையில் அழைக்கப்பட்டன.

நார்வே வெளியே வாங்கவில்லை, வீட்டிலேயே கட்டியது. தலைநகரை நோக்கிச் செல்லும் ஃபியோர்டின் மேற்குக் கரையில் ஹோர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. கார்ல் ஜோஹான் மன்னரின் பெயர் தாங்கிய 'கார்ல்யோஹான்ஸ்வேர்ன்' கடற்படைத் தளமும் கப்பல் கட்டும் துறையும் அங்கேதான் இருந்தன. 1870-களில் தொடங்கி வாலே, உல்லர், நோர், பிராகே, விதார் என்று ஐந்து சகோதரக் கப்பல்கள் அங்கே உருவாயின. 1880-களில் கோர், டீர் என்று சற்றே பெரிய இரண்டு. 1893-ல் ஏகர். இந்த வகையில் அதுதான் கடைசி.

பெயர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தைய நார்டிக் புராணங்களிலிருந்து எடுத்தவை. உல்லர் வில்லுக்கும் பனிச்சறுக்குக்கும் உரிய தெய்வம். டீர் போர்க் கடவுள். ஃபென்ரிர் என்ற ராட்சச ஓநாயைக் கட்டிப்போடுவதற்காகத் தன் கையை அதன் வாய்க்குள் ஈடாக வைத்து, அந்தக் கையை இழந்தவர். 19-ம் நூற்றாண்டில் தனி நாடாக வேண்டும் என்ற உணர்வு வளர்ந்து வந்த நார்வேயில் பழைய தெய்வங்களுக்கு மவுசு அதிகம். ஸ்வீடிஷ் மன்னரின் பெயர் தாங்கிய தளத்தில் நார்வேயின் பழைய தெய்வங்கள் நீரில் இறங்கின.

உல்லரின் எடை சுமார் 250 டன். வேகம் சுமார் 8 நாட், அதாவது மணிக்கு 15 கி.மீ. தரையில் சைக்கிளில் போகிறவர் முந்திவிடக்கூடிய வேகம். ஆனால் அதன் முகப்பில் இருந்த ஒற்றைப் பீரங்கியின் குழல் வாய் 10 அங்குலத்துக்கும் மேல். தன்னைவிடப் பல மடங்கு பெரிய கவசக் கப்பலை அது துளைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒரு பெரிய கப்பலின் செலவில் இப்படிப் பல படகுகளைக் கட்டி ஒவ்வொரு ஃபியோர்டின் வாயிலிலும் நிறுத்தலாம் என்பதுதான் திட்டம். அன்றைய நிலையில் புத்திசாலித்தனமான திட்டம்.

ஆனால் அந்தத் திட்டத்துக்கு முடிவு கட்டும் ஆயுதம் உல்லருக்கு முன்பே அதே கடற்படையில் சேர்ந்திருந்தது. 1873-ல் லண்டனில் தார்னிகிராஃப்ட் கம்பெனியிடம் 'ராப்' என்ற சிறிய, வேகமான நீராவிப் படகை நார்வே வாங்கியது. டார்பிடோவுக்காகவே கட்டப்பட்ட உலகின் முதல் படகுகளில் ஒன்று அது. சில ஆண்டுகளில் தானே நீந்திச் செல்லும் டார்பிடோ வந்துவிட்டது. கப்பலைக் கவிழ்க்க 10 அங்குலப் பீரங்கியும் தேவையில்லை, அதைச் சுமக்க 250 டன் கப்பலும் தேவையில்லை என்றானது. இன்னொரு பக்கம் வேகமாகச் சுடும் பீரங்கிகள் வந்தன. பழைய பெரிய பீரங்கியை ஒருமுறை சுட்டுவிட்டு மீண்டும் குண்டு நிரப்பி முடிப்பதற்குள், புதிய கப்பல்கள் வரிசையாகச் சுட்டுத் தள்ளிவிடும். கவசமில்லாத, மெதுவாக நகரும் படகுக்கு அதில் தப்ப வழியில்லை. உல்லர் நடுவயதை எட்டும் முன்பே அதன் காலம் முடிந்துவிட்டது.

1890-களில் ஸ்வீடனுடன் உறவு கசந்தபோது நார்வே கையிருப்பைத் திரட்டி பிரிட்டனில் நான்கு பெரிய கடலோரப் பாதுகாப்புக் கப்பல்களைக் கட்டச் சொன்னது. 1905 ஜூன் 7 அன்று நார்வே நாடாளுமன்றம் ஸ்வீடனுடனான இணைப்பு முடிந்ததாக அறிவித்தது. இரண்டு பக்கமும் படைகள் தயாராக நின்றன. ஆனால் ஒரு குண்டுகூட வெடிக்காமல் பேச்சுவார்த்தையிலேயே பிரிவினை முடிந்தது. உல்லர் 29 வயதில் சுதந்திர நாட்டின் கப்பலானது, சுடாமலேயே.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலான நாடுகள் இப்படிப்பட்ட கப்பலைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கும். நார்வே போடவில்லை. சிக்கனமான வீட்டில் கிழிந்த வேட்டி துணிப்பையாக மாறுவது போல, உல்லருக்கும் டீருக்கும் புது வேலை கிடைத்தது. பெரிய பீரங்கியை இறக்கிவிட்டுச் சிறிய பீரங்கி பொருத்தினார்கள். மேல்தளத்தில் தண்டவாளம் போட்டுக் கடல் கண்ணிவெடிகளை அடுக்கினார்கள். பீரங்கிப் படகுகள் கண்ணிவெடிக் கப்பல்களாகின.

இது தந்திரமான மாற்றம். கண்ணிவெடி விதைக்கும் கப்பலுக்கு வேகம் முக்கியமில்லை. எதிரி வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட வேண்டியதுதான் முக்கியம். தட்டையான உருவமும் ஆழமில்லாத நீரில் செல்லும் வசதியும் இப்போது பலமாகிவிட்டன. கண்ணிவெடி என்பது வெடிமருந்து அடைத்த இரும்புக் கோளம். அடியில் ஒரு கனமான நங்கூரம், இரண்டையும் இணைக்கும் கம்பி. தண்ணீரில் தள்ளினால் நங்கூரம் தரையில் பதியும், கோளம் நீர்மட்டத்துக்குச் சற்று கீழே கண்ணில் படாமல் மிதக்கும். கப்பல் உரசினால் வெடிக்கும். குறுகிய ஃபியோர்டு வாயில்களைக் கொண்ட நாட்டுக்கு இதைவிட மலிவான காவலாளி கிடையாது.

ஆனால் இந்தக் காவலாளிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, விதைத்தவுடன் அது உயிர்பெறாது. விதைக்கும் கப்பலே அதில் சிக்கிவிடாமல் இருக்க, கொஞ்ச நேரம் கழித்தே அது வெடிக்கும் நிலைக்கு வரும்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருக்கும். பலவகைக் கண்ணிவெடிகளில் அது தண்ணீரில் மெல்லக் கரையும் ஒரு சிறிய கட்டிதான். இரண்டாவது, ஒருமுறை விதைத்துவிட்டால் அது நண்பன், எதிரி, மீன்பிடிப் படகு என்று பாகுபாடு பார்க்காது. ஆகவே அமைதிக் காலத்தில் அதை விதைக்க எந்த அரசும் தயங்கும். உத்தரவு முன்கூட்டியே வந்தால் மட்டும் பயன்படும் ஆயுதத்துக்கு, முன்கூட்டியே உத்தரவு தருவதுதான் மிகக் கடினம்.

முதல் உலகப் போரில் நார்வே நடுநிலை வகித்தது. அதன் வணிகக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் மூழ்கின, ஆனால் நாடு தப்பியது. நடுநிலை நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகு இன்னும் உறுதிப்பட்டது. போருக்குப் பிறகு ராணுவச் செலவு வெட்டப்பட்டது. புதிய கப்பல்கள் சில வந்தாலும் கடற்படையின் பெரும்பகுதி பழசாகவே இருந்தது. உல்லரும் டீரும் தாத்தாவின் கடிகாரம் போல ஓடிக்கொண்டே இருந்தன. இந்தியக் கடற்படையின் விமானம் தாங்கிக் கப்பலான விராட், 1959-ல் ஹெர்மிஸ் என்ற பெயரில் பிரிட்டனில் சேவையைத் தொடங்கி 2017-ல் ஓய்வு பெற்றபோது, இவ்வளவு வயதான கப்பலா என்று உலகமே வியந்தது. அதன் வயது 58. 1940-ல் உல்லரின் வயது 64. இரண்டும் கடைசிவரை ஓடியதற்குக் காரணம் ஒன்றுதான்: மாற்று இல்லை.

1940 ஏப்ரல் 8 காலையில், நார்வேயின் கடல் எல்லைக்குள் கண்ணிவெடி விதைத்துவிட்டதாக பிரிட்டன் அறிவித்தது. நார்வே வழியாக ஜெர்மனிக்குச் செல்லும் ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாதுவைத் தடுப்பதுதான் நோக்கம். பிரதமர் யோஹான் நீகார்ட்ஸ்வோல்டின் அரசும், வெளியுறவு அமைச்சர் ஹல்வ்தான் கோட்டும் அன்று முழுக்க பிரிட்டனுக்கு எதிர்ப்புத் தெரிவிப்பதில் மூழ்கியிருந்தார்கள். அதே நாளில் நார்வேயின் தென்கரை அருகே 'ரியோ டி ஜெனீரோ' என்ற ஜெர்மன் கப்பலை ஒரு போலந்து நீர்மூழ்கி மூழ்கடித்தது. கரையேறியவர்கள் சீருடை அணிந்த ஜெர்மன் சிப்பாய்கள். பெர்கன் நகரத்தை பிரிட்டனிடமிருந்து 'காப்பாற்ற'ப் போய்க்கொண்டிருந்தோம் என்று அவர்களே சொன்னார்கள். தகவல் தலைநகர் ஆஸ்லோவுக்குப் போனது. கலங்கரை விளக்குகளை அணைக்க உத்தரவு வந்தது. ஆனால் துறைமுக வாயில்களில் கண்ணிவெடிகளை விதைத்து வைக்கும் உத்தரவு பகலில் வரவில்லை.

பெர்கன் நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெரிய துறைமுகம். அந்த வட்டாரக் கடற்படைத் தளபதி அட்மிரல் டாங்க்-நீல்சன் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் அல்ல. தானே படகில் போய்க் கடல் வழிகளைப் பார்த்து வந்தார். ஆனால் நேரம் அவர் கையில் இல்லை. இரவு 12 மணிக்குப் பிறகு 'கொனிக்ஸ்பெர்க்', 'கொல்ன்' என்ற இரண்டு ஜெர்மன் குரூசர்கள் மற்ற கப்பல்களுடனும், சுமார் 1,900 சிப்பாய்களுடனும் பெர்கனை நோக்கி நுழைந்தன. அந்த இருட்டில் அவர்களுக்கு முன்னால் கண்ணிவெடி விதைத்துக்கொண்டிருந்தது, 53 வயதான டீர்.

ஒரு நூற்றாண்டின் திட்டம் முழுவதும் அந்த இரவுக்காகத்தான். சிறிய கப்பல், குறுகலான வாயில், பெரிய எதிரி. எல்லாமே எதிர்பார்த்தபடி அமைந்திருந்தன, நேரம் ஒன்றைத் தவிர. டீர் விதைத்த கண்ணிவெடிகள் உயிர்பெறுவதற்குள் ஜெர்மன் கப்பல்கள் அவற்றைத் தாண்டிப் போய்விட்டன. விடிந்து சற்று நேரத்துக்குள் பெர்கன் வீழ்ந்தது. அன்றைய தினமே 'சாவ் பாலோ' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் அந்த வழியில் வந்து, டீர் விதைத்த கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. கண்ணிவெடிகளில் குறையில்லை, விதைத்த கையிலும் குறையில்லை. சில மணி நேரம் முன்னதாக உத்தரவு வந்திருந்தால் அதே கண்ணிவெடிகள் குரூசர்களை வரவேற்றிருக்கும்.

கப்பல்கள் பழசானதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. அதே இரவில் ஆஸ்லோவுக்குப் போகும் வழியில் ஓஸ்கார்ஸ்போர்க் கோட்டையில் நடந்ததே இதற்குப் பதில். அங்கே இருந்த 28 செ.மீ. பீரங்கிகள் 1890-களில் ஜெர்மனியின் குருப் கம்பெனி செய்தவை. மோசே, ஆரோன், யோசுவா என்று விவிலியப் பெயர் வைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறையால் இரண்டை மட்டுமே இயக்க முடிந்தது. கோட்டைத் தளபதி பிர்கர் எரிக்சன், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சுடச் சொன்னார். இரண்டும் தலா ஒருமுறை சுட்டன, இரண்டு குண்டும் இலக்கில் பட்டன. தொடர்ந்து, அதே போல் பழசான டார்பிடோக்கள் பாய்ந்தன. கடற்படையில் சேர்ந்து ஏழு மாதங்களே ஆன 'ப்ளூகர்' என்ற கனரகக் குரூசர் மூழ்கியது. இதனால் கிடைத்த சில மணி நேரத்தில் மன்னர் ஏழாம் ஹாக்கோனும், அரசும், நாட்டின் தங்கக் கையிருப்பும் ஆஸ்லோவிலிருந்து தப்பின.

பெர்கனிலும் கரைப் பீரங்கிகள் பழசுதான். ஆனாலும் அவை கொனிக்ஸ்பெர்க்கைச் சேதப்படுத்தின. அதனால் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாமல் நின்ற அந்தக் குரூசரை, மறுநாள் பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டு மூழ்கடித்தன. ஆக, வயதான ஆயுதமும் சரியான நேரத்தில் பேசினால் பேச்சு எடுபடும். நேரம் தவறினால் புதிய ஆயுதமும் ஊமைதான்.

பெர்கன் விழுந்ததும் உல்லர் ஜெர்மானியர் வசமானது. டீர் பெர்கனுக்குத் தெற்கே ஃபியோர்டுகளில் மேலும் கண்ணிவெடி விதைத்து, சில நாட்கள் தாக்குப்பிடித்து, அந்த மாதமே அதுவும் பிடிபட்டது. பெர்கனில் கப்பல் பற்றாக்குறையில் இருந்த ஜெர்மானியர்களுக்கு இந்தக் கிழட்டுப் படகுகளும் உபயோகமாகத் தெரிந்தன. கொடியை மாற்றி, தங்கள் ஆட்களை ஏற்றி, நார்வே படைகளுக்கு எதிராகவே அவற்றை அனுப்பினார்கள்.

அப்போது பெர்கனுக்கு வடக்கே உள்ள சோக்னே ஃபியோர்டு பகுதியில் நார்வே படைகள் இன்னும் போராடிக்கொண்டிருந்தன. நிலத்துக்குள் 200 கி.மீ.க்கும் மேல் நீளும் கடல் கால்வாய் அது. ஏப்ரல் மாத இறுதியில் அங்கே வந்த உல்லரை நார்வே கடற்படை விமானங்கள் கண்டுபிடித்துத் தாக்கின. குண்டடி பட்ட கப்பல் கரை தட்டியது, கைவிடப்பட்டது, பிறகு நழுவி நீரில் மூழ்கியது.

நார்வே கடற்படையின் விமானங்களில் பெரும்பாலானவை அந்தக் கடற்படையின் சொந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அந்தத் தொழிற்சாலை இருந்ததும் ஹோர்ட்டனில்தான். உல்லரைக் கட்டிய ஊர் அது. 1940 ஏப்ரல் 9 அன்றே அந்த ஊரும் ஜெர்மானியர்களிடம் விழுந்துவிட்டது. உல்லரின் 64 ஆண்டுச் சேவையில் நார்வே கடற்படைக்குப் போர்க் கணக்கில் சேர்ந்த மூழ்கிய கப்பல் ஒன்று உண்டு என்றால், அது உல்லரேதான்.

நார்வேயில் சண்டை ஜூன் 10 வரை, மொத்தம் 62 நாட்கள் நீடித்தது. மன்னரும் அரசும் லண்டனுக்குப் போய் அங்கிருந்து போராட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1945-ல் விடுதலை கிடைத்தவுடன் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஏப்ரல் 9-க்கு முந்தைய நாட்களில் அரசு காட்டிய மெத்தனத்தை அது கடுமையாக விமர்சித்தது. தோல்விக்குக் காரணம் கப்பல்களா, பீரங்கிகளா, அல்லது முடிவெடுக்க வேண்டியவர்களா என்ற கேள்வி நார்வேயில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டது. 1949-ல் நடுநிலைக் கொள்கையைக் கைவிட்டு நேட்டோவில் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்ததன் பின்னணியில் அந்த ஏப்ரல் இரவின் நினைவு இருந்தது.

அரசின் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. அன்று அவர்கள் முன் இருந்த சங்கடம் நிஜமானது. கண்ணிவெடி விதைத்தால் அது ஜெர்மனிக்கு எதிரானதா, பிரிட்டனுக்கு எதிரானதா என்று கேட்பார்கள். விதைக்காவிட்டால் யாருக்கும் எதிரானது அல்ல. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே நிற்கும் சிறிய நாட்டுக்கு எதையும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பானது போலத் தோன்றும். 1914-ல் அது பலித்தது. 1940-லும் பலிக்கும் என்று நம்பியதுதான் தவறு. ஓநாயின் வாயில் கையை வைத்த டீர் கடவுள், கையை இழந்தாலும் ஓநாயைக் கட்டிய பிறகே இழந்தார். நார்வே அரசு ஓநாய் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை.

சிக்கனம் தவறல்ல. 1876-ன் படகை 1940-ல் பயன்படுத்தியது கேலிக்குரியதும் அல்ல. ஒரு கப்பலிலிருந்து இரண்டு ஆயுள் வேலை வாங்கிய சாமர்த்தியம் அது. ஆனால் பழைய ஆயுதத்தை வைத்திருக்கும் நாடு ஒரு விஷயத்தில் மட்டும் பணக்கார நாட்டைவிட வேகமாக இருந்தாக வேண்டும்: முடிவெடுப்பதில். வேகமான கப்பல்கள் உள்ளவன் தாமதமாக முடிவெடுத்தாலும் ஓடிப்போய் ஈடுகட்டலாம். 8 நாட் வேகத்தில் போகிறவனுக்கு அந்த வசதி கிடையாது.

டீர் போருக்குப் பிறகும் பிழைத்தது. நார்வேக்குத் திரும்பி, கடற்படையிலிருந்து விற்கப்பட்டு, பீரங்கியும் கண்ணிவெடியும் இல்லாத சாதாரணக் கப்பலாகக் கடலோர வேலைகளில் உழைத்தது. பீரங்கிப் படகுகளை வழக்கொழித்த ராப் படகு ஹோர்ட்டனில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. சிறுவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். உல்லர் மட்டும் சோக்னே ஃபியோர்டில், தான் காக்க வேண்டிய தண்ணீருக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.